உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் தள்ளிவிடும், குழாய் பிடித்துக்கொள்ளும்

● கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டையின் பின்புறம் ‘அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அந்த அளவு இருக்கிறதா, வேண்டாத கசடு ஏதும் கூடவே வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஓர் எஃகுக் குழாய். நீளம் 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். மருந்தாலை ஆய்வகங்களில் இதைச் சுருக்கமாக ‘சி18’ என்பார்கள். எச்.பி.எல்.சி. எனப்படும் திரவ வண்ணப்பிரிகைக் கருவியில் பம்பு, மாதிரியைச் செலுத்தும் பகுதி, டிடெக்டர், கணினி எல்லாம் உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கிற வேலை நடப்பது இந்தக் குழாய்க்குள் மட்டும்தான்.

● குழாய்க்குள் இருப்பவை 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் நுண்துளைகள். அந்தத் துளைகளின் சுவர்களில் 18 கார்பன் நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் வேதிப்பிணைப்பால் நட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கிராம் மணியின் உட்பரப்பு ஏறக்குறைய 300 சதுர மீட்டர். குழாயில் அடைபட்டிருப்பது இரண்டரை கிராமுக்குக் குறையாது. சென்னையில் மனை வாங்கி விற்பவர் கணக்கில் சொன்னால், சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் குழாய்க்குள் மூன்று கிரவுண்டுக்கு மேல் நிலம்!

● எண்ணெய் தண்ணீரோடு ஒட்டாது. இந்த முறை முழுவதும் நிற்பது அந்த ஒற்றை உண்மையின் மேல்தான். ஆனால் ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் பாதிதான் சரி. எண்ணெய் தண்ணீரை வெறுக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தங்களுக்குள் இறுகப் பிணைந்திருக்கின்றன. நடுவில் ஓர் எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறு நுழைய வேண்டுமானால் அந்தப் பிணைப்பு வலைக்குள் ஒரு குழி ஏற்பட வேண்டும். குழி பெரிதாக ஆக, செலவாகும் ஆற்றலும் கூடுகிறது. அதனால் தண்ணீர் அந்த மூலக்கூறை வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே சி18 சங்கிலிகள் இருப்பதால் அது அங்கே போய் ஒதுங்கிக்கொள்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் சாபா ஹோர்வாத் தம் சகாக்களோடு 1976இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இது. பின்னால் வந்த ஆய்வுகள் சி18 படலத்தின் பங்கும் சிறிதல்ல என்று காட்டின. ஆனாலும் முதல் தள்ளு தண்ணீருடையது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தக் குழாயில் எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தண்ணீரோடு ஒத்துப்போகும் பொருள் விரைவாக வெளியேறும். ஒத்துப்போகாதது தங்கித் தங்கி வரும்.

● தங்கியதை எப்படிக் கிளப்புவது? தண்ணீரில் மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ கலக்க வேண்டும். அது பிணைப்பு வலையைத் தளர்த்திவிடும். தோராயமாக ஒரு கணக்கு உண்டு. கலவையில் கரிமக் கரைப்பானின் பங்கை 10 சதவீதம் கூட்டினால், பொருள் குழாயில் தங்கும் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். புதிதாக ஒரு மாதிரி கையில் வந்ததும் அனுபவமுள்ளவர் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் முதல் கணக்கு இது.

● இந்தப் பிரிப்பு முறையின் கதை இலைச்சாற்றில் தொடங்குகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1903இல் வார்சாவில், பொடியை அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றிப் பச்சையும் மஞ்சளுமாக நிறப்பட்டைகள் தனித்தனியே இறங்குவதை விளக்கினார். உலகம் கவனிக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஹைடல்பெர்கில் கரோட்டினைப் பிரிக்க முயன்றவர்கள் அந்த முறையைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

அடுத்த பெரிய பாய்ச்சல் நடந்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஓர் ஆய்வுக்கூடத்தில். கம்பளியில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் தண்ணீரை ஊறவைத்து, அதன் வழியே கரிமக் கரைப்பானை ஓடவிட்டார்கள். 1941இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், துகள்களை மிகச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டினால் பிரிப்புத்திறன் இன்னும் உயரும் என்பதையும் எழுதிவைத்தார்கள். அதைச் செய்துகாட்டும் பம்புகள் வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1952இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. என் கணிப்பில், இருபதாம் நூற்றாண்டு வேதியியலில் இவ்வளவு தூரம் முன்னால் பார்த்த கட்டுரைகள் மிகச் சிலவே.

● குழாய் தலைகீழான ஆண்டு 1950. அதைச் செய்தவரும் மார்ட்டின்தான், இம்முறை ஹோவர்டு என்பவரோடு. சிக்கல் கொழுப்பு அமிலங்களால் வந்தது. 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம் (தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ளது) தொடங்கி, 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலம் வரை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் ஊறிய சிலிக்காவில் இவை எதுவும் நிற்காது. எல்லாமே எண்ணெய்த்தன்மை கொண்டவை ஆகையால் ஓடும் கரைப்பானோடு கும்பலாக வெளியேறிவிடும். ஆகவே நிற்பதையும் ஓடுவதையும் இடம் மாற்றினார்கள். தலைகீழ் முறை என்பது இதுதான். கீசல்கூர் என்னும் மண்ணைச் சிலேன் என்னும் சிலிக்கான் சேர்மத்தின் ஆவியில் காட்டி, தண்ணீர் ஒட்டாதபடி ஆக்கி, அதன்மேல் திரவப் பாரஃபினைப் பூசினார்கள். ஓடுவது நீர் கலந்த கரைப்பான். கொழுப்பு அமிலங்கள் நீளத்தின் வரிசைப்படி, குட்டையானது முதலில் என்று வெளியே வந்தன.

பூசிய பாரஃபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும் என்பதுதான் குறை. சங்கிலியைச் சிலிக்காவோடு வேதிப்பிணைப்பாலேயே இணைத்துவிடும் வழி 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைகூடியது. டியூபான்ட் நிறுவனத்தில் ஜாக் கிர்க்லாந்து இதில் முன்னோடி. அதன் பிறகு இந்த முறை மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இன்று உலகில் ஓடும் எச்.பி.எல்.சி. சோதனைகளில் பெரும்பான்மை இந்த வகைதான்.

● மஞ்சளின் நிறம் ஒரே பொருளால் வருவதில்லை. குர்குமின், அதிலிருந்து ஒரு மெத்தாக்சித் தொகுதி குறைந்தது, இரண்டும் குறைந்தது என மூன்று பொருள்கள் சேர்ந்த நிறம் அது. வெறும் சிலிக்கா பூசிய தகட்டில் பிரித்தால் குர்குமின் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும். சி18 குழாயிலோ அதுவே கடைசியில் வரும். முதலில் வருவது இரண்டு மெத்தாக்சியும் இல்லாதது. தலைகீழ் முறை என்பதன் பொருளை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கடைச்சரக்கு போதும், பொருள்கள் கண்ணுக்கே தெரியும் நிறமுடையவை.

ஈரோட்டு மஞ்சளாகட்டும், வேறு ஊர் மஞ்சளாகட்டும், சாறு எடுக்கும் ஆலைகள் குர்குமின் சதவீதம் பார்த்துத்தான் விலை பேசுகின்றன. ஒளி உறிஞ்சலை மட்டும் அளக்கும் எளிய சோதனை மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தக் குழாய் வேண்டும்.

● தேநீரில் உள்ள தியோஃபிலின், கோகோவில் உள்ள தியோபுரோமின் இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, எடையும் ஒன்றே. ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. ஒன்று ஆஸ்துமா மருந்து, மற்றது சாக்லேட்டின் கசப்பு. சி18 குழாய் இந்த இடமாற்றத்தைக்கூடக் கண்டுகொள்கிறது. தியோபுரோமின் முதலில், தியோஃபிலின் அடுத்து, மூன்று மெத்தில் உள்ள கஃபீன் கடைசியில்.

● மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் வித்தியாசம் 51 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று. அதையும் இந்த முறை பிரித்துவிடும். ஆனால் புரதங்கள் உள்ளே நுழைய வேண்டுமே, அதற்காகத் துளை அகலமான மணி வேண்டும். வழக்கமான 100 ஆங்ஸ்ட்ராம் துளைக்குப் பதில் 300.

● மிளகாயின் காரத்தை 1912இல் அமெரிக்க மருந்தாளுநர் வில்பர் ஸ்கோவில் நாக்கால் அளந்தார். சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்துகொண்டே போய், சுவைப்பவர்களுக்கு எப்போது காரம் தெரியாமல் போகிறது என்று பார்த்தார். இரண்டு மூன்று மாதிரி சுவைத்ததும் நாக்கு மரத்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கேப்சைசினையும் டைஹைட்ரோகேப்சைசினையும் சி18 குழாயில் பிரித்து, அளந்து, ஸ்கோவில் எண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு.

● மிளகாய்த்தூளுக்குச் செக்கச்செவேலென்று நிறம் கொடுக்கச் சூடான்-1 என்னும் சாயத்தைக் கலந்தவர்கள் உண்டு. உணவில் சேர்க்கவே கூடாத தொழிற்சாலைச் சாயம் அது. 2003இல் பிரான்சில் இந்திய மிளகாய்ப் பொருள்களில் பிடிபட்டது. 2005இல் பிரிட்டனில் ஒரு சாஸில் கண்டுபிடித்தபோது, அந்தச் சாஸ் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சூடான் சாயங்கள் எண்ணெயில் நன்றாகக் கரைபவை. எனவே சி18 குழாயில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அசிட்டோநைட்ரைல் மிகுந்த பிறகுதான் வரும். அந்தப் பிடிப்பே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. நேர்மையாக மிளகாய் விளைவித்தவர்களும் அந்தச் சில கலப்படக்காரர்களால் அடிவாங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

● 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சுதான் காரணம். அதுதான் அஃப்லாடாக்சின். நிலக்கடலை விளையும் எந்த ஊருக்கும் இது அந்நியச் செய்தி அல்ல. ஈரம் காயாமல் மூட்டை கட்டினால் எங்கும் வரும்.

சி18 குழாயில் இது நான்காகப் பிரிந்து வரும். ஜி2, ஜி1, பி2, பி1 என்பது வரிசை. புறஊதா ஒளி பட்டால் ஒளிரும் தன்மை இருப்பதால் மிக நுண்ணிய அளவையும் காண முடியும். இங்கேதான் ஓர் இடக்கு. நான்கிலும் கொடியது பி1. ஆனால் தண்ணீர் மிகுந்த கரைப்பானில் பி1, ஜி1 இரண்டின் ஒளிர்வும் மங்கிவிடும். அதாவது எதை முக்கியமாகத் தேடுகிறோமோ அது கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கும். ஆகவே குழாயை விட்டு வெளியே வந்ததும், டிடெக்டரை அடையும் முன், புரோமினோடு வினைபுரியச் செய்தோ புறஊதா விளக்கைச் சுற்றிய சுருள் வழியே அனுப்பியோ அந்த இரண்டிலும் உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பை மாற்றிவிடுகிறார்கள். ஒளிர்வு திரும்பிவிடும். இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யாத நாளில் அறிக்கையில் பி1 குறைவாகத்தான் தெரியும், கடலையில் குறைந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு விதித்துள்ள பி1 வரம்பு, கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். அந்த அளவில் ஒரு விளக்கின் பழுதும் பெரிய பழுது.

● இந்தக் குழாய் எதைப் பிடிக்காது என்று தெரிந்துகொள்வது, எதைப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதைவிட முக்கியம் என்பேன். 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் கலந்திருந்தது வெளிப்பட்டது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். தண்ணீர் ஊற்றிய பாலில் புரதம் இருப்பதாகக் காட்டவே மெலமினைக் கலந்தார்கள். புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து புரதம் என்று கணக்கிடுவது வழக்கம். மெலமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்.

சரி, எச்.பி.எல்.சி.யில் பார்த்திருந்தால்? சாதாரண சி18 முறையில் மெலமின் நிற்கவே நிற்காது. அது தண்ணீரோடு அவ்வளவு ஒத்துப்போகும் பொருள். எதிலும் ஒட்டாத கூட்டத்தோடு சேர்ந்து முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் வெளியேறி, அந்த நெரிசலில் அடையாளம் இழந்துவிடும். அதைப் பிடிக்கக் கரைப்பானில் ஆக்டேன் சல்ஃபோனேட் என்னும் சோப்புத்தன்மையுள்ள உப்பைச் சேர்க்கிறார்கள். அதன் எண்ணெய் வால் சி18இல் ஒட்டிக்கொள்ளும், மின்னூட்டமுள்ள தலை மெலமினைப் பிடித்து நிறுத்தும். அல்லது வேறு வகைக் குழாயையே நாட வேண்டும். ஓர் உணவுப் பொருளுக்கு ‘கலப்படம் காணப்படவில்லை’ என்று சான்றிதழ் வரும்போது, எந்தக் குழாயில், எந்தக் கரைப்பானில், எதைத் தேடினீர்கள் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. தேடாத பொருளைக் குழாய் தானாக எழுந்து சொல்லாது.

● மெத்தனாலையும் தண்ணீரையும் கலந்தால் கலவை சுடும். அசிட்டோநைட்ரைலையும் தண்ணீரையும் கலந்தால் குளிரும். இரண்டையும் அறை வெப்பநிலைக்கு வரவிட்ட பிறகே கருவியில் பொருத்த வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பொருளும் வெளிவரும் நேரம் நழுவிக்கொண்டே போகும்.

● தனி மெத்தனாலைவிட, தனித் தண்ணீரைவிட, இரண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவைக்குப் பாகுத்தன்மை அதிகம். தண்ணீரில் தொடங்கி மெத்தனாலைப் படிப்படியாகக் கூட்டும் ஓட்டத்தில், நடுவழியில் அழுத்தம் ஏறிப் பிறகு இறங்கும். அடைப்பு என்று பயப்பட வேண்டாம்.

● நூற்றுக்கு நூறு தண்ணீரை ஓடவிட்டு, பம்பை நிறுத்திவிட்டு, மறுபடி ஓடவிட்டால் சி18 குழாய் சில சமயம் பிடிப்பை இழந்துவிடும். சங்கிலிகள் தண்ணீரில் சுருண்டு படுத்துவிடுகின்றன என்றுதான் பல காலம் விளக்கினார்கள். உண்மையில் அழுத்தம் நீங்கியதும் எண்ணெய்ச் சுவருள்ள துளைகளிலிருந்து தண்ணீர் தானே வெளியேறிவிடுகிறது. துளைக்குள் நுழைய வழியில்லாமல் பொருள்கள் மேலோடு ஓடிவிடுகின்றன. மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ மிகுந்த கலவையை ஓடவிட்டால் துளைகள் மறுபடி நனைந்து பழைய நிலைக்கு வரும்.

● சிலிக்காவின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 மைக்ரோமோல் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. சி18 சங்கிலி பருமனானது என்பதால் அவற்றில் பாதியில்கூட அதை நட முடிவதில்லை. மிச்சமுள்ள ஹைட்ராக்சில்கள் காரத்தன்மையுள்ள மருந்துகளைப் பிடித்து இழுக்கும். டிடெக்டர் வரையும் கோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒழுங்காக எழுந்து இறங்க வேண்டிய முகடு, அதாவது பீக், வால் நீண்டு சரியும். சிறிய சிலேன் மூலக்கூறுகளால் அந்த இடங்களை மூடிப் பார்ப்பார்கள், உலோகக் கசடு இல்லாத தூய சிலிக்காவைப் பயன்படுத்துவார்கள். முழுதாகத் தீர்ந்துவிடுவதில்லை.

● வழக்கமான சி18 குழாய்க்கு உகந்த பி.எச். 2 முதல் 8 வரை. அதற்குக் கீழே போனால் சங்கிலி அறுந்து வரும். மேலே போனால் சிலிக்காவே கரையும்.

● அமெரிக்க மருந்துநூலில் எல்லா சி18 குழாய்களுக்கும் ஒரே குறி, ‘எல்1’. ஆனால் இரண்டு நிறுவனங்களின் எல்1 குழாய்களில் ஒரே மாதிரியை ஓட்டினால் பீக்குகளின் வரிசையே மாறிவிடலாம். குறியை நம்பி மாற்றுக் குழாய் வாங்கும் முன் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

● துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே நீளத்துக்கும் அதே ஓட்டத்துக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 2004இல் 1.7 மைக்ரோமீட்டர் துகள்களோடு வந்த கருவி 1000 பார் அழுத்தம் வரை தாங்கியது. மார்ட்டினும் சிஞ்சும் 1941இல் எழுதியது சந்தைக்கு வந்தது அப்போதுதான் என்று சொல்லலாம். இரண்டே ஆண்டுகளில் இன்னொரு வழியும் வந்தது. கெட்டியான உட்கருவின்மேல் துளையுள்ள மெல்லிய ஓடு கொண்ட 2.7 மைக்ரோமீட்டர் மணி. அழுத்தம் அவ்வளவு ஏறாமலே ஏறக்குறைய அதே கூர்மையைத் தந்தது. இதன் பின்னாலும் இருந்தவர் கிர்க்லாந்து. சி18ஐத் தொடங்கிவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர், எண்பது வயதிலும் மணிகளைச் செய்துகொண்டிருந்தார்.

● கார் விற்பனை குறைந்தால் மருந்துச் சோதனை தடுமாறுமா? 2008 இறுதியில் தடுமாறியது. அசிட்டோநைட்ரைலை அன்று பெரும்பாலும் யாரும் அதற்காகவே பெரிய அளவில் தயாரிக்கவில்லை. அக்ரிலோநைட்ரைல் ஆலையில் உடன்விளைவாகக் கிடைப்பது அது. அக்ரிலோநைட்ரைல் போவது செயற்கை இழைக்கும், கார் பாகங்களுக்கும் மின்கருவி உறைகளுக்குமான பிளாஸ்டிக்குக்கும். பொருளாதாரச் சரிவில் அவற்றின் தேவை விழுந்தது. பீஜிங் ஒலிம்பிக்ஸுக்காகச் சீனாவில் ஆலைகள் மூடியிருந்தன. டெக்சாஸில் புயலால் உற்பத்தி நின்றது. எல்லாம் சேர்ந்து, ஆய்வகங்களுக்கு அசிட்டோநைட்ரைல் கிடைப்பதே அரிதாகி விலை பல மடங்கு ஏறியது. மெத்தனாலுக்கு மாறியவர்கள் உண்டு. ஆனால் மெத்தனால் 205 நானோமீட்டருக்குக் கீழே ஒளியைத் தானே உறிஞ்சிவிடும், அசிட்டோநைட்ரைலோ 190 வரை வழிவிடும். அந்த எல்லைக்குள் மட்டும் தெரியும் பொருள்களை அளப்பவர்களால் மாற முடியவில்லை. அவர்களில் பலர் குழாயை ஒடுக்கினார்கள். 4.6 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் செலவாகும் இடத்தில், 2.1 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.2 மில்லிலிட்டர் போதும்.